போட்டிக்குப் போன பிள்ளை ஏன் திரும்பவில்லை? சேலத்துப் பெற்றோரும் ஆட்டக்காரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டு உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் விடிந்தால் சேலம் மகாத்மா காந்தி விளையாட்டரங்கத்துக்குப் போய்விடுவேன். கபடி ஆடும் பிள்ளைகள் சிலருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மனைவி வீட்டு வழியில் ஏற்காட்டில் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இருப்பேன்.

போன மாதம் ஓமலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் மைதானத்துக்கு வந்து ஒரு நோட்டீஸை நீட்டினார். ஐரோப்பாவில் சர்வதேசக் கபடிப் போட்டியாம், அணியில் இடம் உறுதியாம், கட்டணம் ஏழு லட்சமாம். “பையனை அனுப்பலாமுங்களா மாஸ்டர்?” என்று கேட்டார். நின்றபடியே பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியா அது? அவரிடம் சொன்னது, சொல்ல விட்டுப்போனது, மற்றவர்கள் அவ்வப்போது கேட்டது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

“போட்டிக்குச் சென்ற வீரர் மாயம்” என்று பேப்பரில் வருகிறதே, என்ன அர்த்தம்?

ஒரு போட்டியைக் காட்டி விசா வாங்குகிறார்கள். போட்டி முடிந்ததும், சில நேரம் தொடங்கும் முன்பே, தங்கும் இடத்திலிருந்து கிளம்பிப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு வழி பிரிகிறது. சிலர் நேராக அந்த நாட்டு அதிகாரிகளிடம் போய், ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து, தஞ்சம் கொடுங்கள் என்று கேட்பார்கள். மற்றவர்கள் யார் கண்ணிலும் படாமல் ஏதாவது வேலையில் நுழைந்துவிடுவார்கள். பேப்பர்காரர்கள் இரண்டு பேருக்கும் “மாயம்” என்ற ஒரே சொல்லைப் போடுகிறார்கள். இரண்டு வாழ்க்கையும் ஒன்று கிடையாது.

இது புதிதாக வந்த பழக்கமா?

இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கிலேயே தொடங்கிவிட்டது. செக்கோஸ்லோவாக்கியப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியோடு வந்த மரி ப்ரொவாஸ்னிகோவா, அந்த ஆண்டு பிப்ரவரியில் தன் நாட்டில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்துவிட்டதால் திரும்ப மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக் கதையை எங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு பேராசிரியர் கண்கலங்கச் சொன்னது நினைவிருக்கிறது. ஹங்கேரியில் எழுந்த மக்கள் கிளர்ச்சியைச் சோவியத் டாங்குகள் நசுக்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நிலையில் டிசம்பர் 6 அன்று, நீச்சல் குளத்துக்குள் ஆடும் பந்தாட்டமான வாட்டர்போலோவில் ஹங்கேரியும் சோவியத் யூனியனும் மோதின. ஹங்கேரி 4-0 என்று ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எர்வின் ஸாடோர் என்ற வீரரின் கண்ணருகே குத்து விழுந்தது. ரத்தம் வழிய வெளியே வந்தார். தங்கம் வென்ற பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. அந்த அணியிலிருந்து பல வீரர்கள் அப்படியே வெளிநாட்டில் தங்கிவிட்டார்கள். ஸாடோர் பிறகு அமெரிக்காவில் நீச்சல் பயிற்சியாளராகி, பின்னாளில் ஒலிம்பிக் நீச்சல் நட்சத்திரமான மார்க் ஸ்பிட்ஸுக்கும் அவர் சிறுவனாக இருந்தபோது கற்றுக்கொடுத்தார். 1975இல் அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் போட்டிக்கு வந்த செக்கோஸ்லோவாக்கிய வீராங்கனை மார்ட்டினா நவ்ரதிலோவா தஞ்சம் கேட்டபோது அவருக்கு வயது 18.

இவர்களுக்கெல்லாம் ஊரில் சோறும் மைதானமும் இருந்தன. அவர்களுக்குப் பிரச்சினை ஆட்சி.

இப்போது அப்படிப் போகிறவர்கள் யார்?

எரித்ரியா கால்பந்து அணியைச் சொல்ல வேண்டும். 2009இல் கென்யாவில் 12 பேர், 2012இல் உகாண்டாவில் 17 வீரர்களும் அணி மருத்துவரும், 2015இல் போட்ஸ்வானாவில் 10 பேர். ஒரு தேசிய அணியைத் திரும்பத் திரும்பப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அந்த நாட்டில் கட்டாயத் தேசியச் சேவை சட்டப்படி 18 மாதம்தான். 1998இல் எத்தியோப்பியாவோடு போர் மூண்ட பிறகு அதற்கு முடிவே இல்லாமல் போனது. நாற்பது வயதிலும் சீருடை, கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சம் காசு. அந்தப் பையன்கள் ஓடியதில் எனக்கு வியப்பில்லை.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் கேமரூன் வீரர்கள் ஏழு பேர் காணாமல் போனார்கள். 2018இல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் நடந்த காமன்வெல்த் போட்டிக்குப் பிறகு, அதற்காக விசா வாங்கி வந்தவர்களில் 200க்கும் மேற்பட்டோர் தஞ்சம் கேட்டு விண்ணப்பித்தார்கள். அதே போட்டிக்குப் பத்திரிகையாளர்கள் என்று சொல்லி இந்தியாவிலிருந்து போன ஒரு குழு பிரிஸ்பேன் விமான நிலையத்தில் பிடிபட்டது. ஓடத் தெரியாதவரும் போட்டியைச் சாக்காக வைத்துப் போகலாம் என்று ஏஜெண்டுகள் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கஷ்டத்துக்காகப் போகிறவர் செய்வது தப்பா மாஸ்டர்?

ஜூலியஸ் செகிடோலெகோ என்ற பையனை வைத்துச் சொல்கிறேன். உகாண்டா நாட்டுப் பளுதூக்கும் வீரர், 20 வயது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்பயிற்சி எடுக்க 2021 ஜூலையில் ஜப்பானின் இசுமிசானோ நகரத்துக்கு வந்தார். வந்த பிறகுதான் தரவரிசைப்படி அவருக்கு இடம் இல்லை, ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று தெரிந்தது. அறையில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஊரில் வாழ்க்கை கஷ்டம், ஜப்பானில் வேலை பார்க்க விரும்புகிறேன் என்று அதில் இருந்தது. நான்கு நாளில் யோக்கைச்சி நகரத்தில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஊரில் இறங்கியதும் போலீஸ் விசாரணை.

அந்தச் சீட்டை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது. யாரையும் ஏமாற்றி எதையும் பிடுங்கிக்கொள்ள அவர் நினைக்கவில்லை. வேலை கேட்டார், அவ்வளவுதான். விசா விதிப்படி தப்புத்தான். ஒரு பயிற்சியாளனாக எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நாட்டுக்காகப் பளு தூக்கியவனுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லாமல் விட்டவர்கள்மேல்தான் வருகிறது.

நம் பக்கத்தில் இப்படி நடந்திருக்கிறதா?

பக்கத்து இலங்கையிலிருந்து தொடங்குகிறேன். 2004 செப்டம்பரில் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துக்கு “இலங்கைத் தேசிய ஹேண்ட்பால் அணி” என்று 23 பேர் வந்தார்கள். ஆடிய ஆட்டமெல்லாம் படுதோல்வி. பிறகு ஒரு நாள் 23 பேரையும் காணவில்லை. விசாரித்தால், இலங்கையில் அப்படி ஒரு தேசிய அணியே இல்லை என்று பதில் வந்தது. இதைச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். என்னால் சிரிக்க முடிவதில்லை. விதி தெரியாத ஆட்டத்தில் இறங்கி, வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கக் கோல் கோலாக வாங்கிக்கொண்டு நிற்பதற்கு ஒரு மனிதனுக்கு எவ்வளவு நெருக்கடி இருந்திருக்க வேண்டும்!

2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் மூழ்கியிருந்தது, பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை. அந்த ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்குப் போன அணியில் 10 பேர் காணாமல் போனார்கள்.

இந்தியாவில் பஞ்சாப்காரர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்: கபூதர்பாஜி, புறா விடுவது. பாட்டுக் குழு, நடனக் குழு, விளையாட்டு அணி என்று ஆளைக் கூட்டிப்போய் அங்கே பறக்க விட்டுவிடுவது. 2016இல் ரக்பி பயிற்சி என்று சொல்லிப் பஞ்சாப், அரியானா பக்கத்துச் சிறுவர்கள் 25 பேரைப் பிரான்சுக்குக் கூட்டிப்போனார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை, சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. பதின்வயதுப் பிள்ளைகள், பெற்றோரே பணம் கட்டி அனுப்பியவர்கள்.

எங்களிடம் அழைப்புக் கடிதம் இருக்கிறது, கொடி போட்ட ஜெர்சிகூடக் கொடுத்தார்கள். பிறகென்ன?

கொடி போட்ட ஜெர்சி எந்தக் கடையிலும் தைத்துத் தருவார்கள். 2020 பிப்ரவரியில் லாகூரில் நடந்த வட்டக் கபடி உலகக் கோப்பைக்கு “இந்திய அணி” என்று ஒரு குழு வாகா எல்லை தாண்டிப் போனது. நாங்கள் யாரையும் அனுப்பவில்லை என்று விளையாட்டு அமைச்சகமும் கபடி சம்மேளனமும் அறிவித்தன. நாட்டின் பெயரையே அனுமதியில்லாமல் எடுத்துக்கொள்ள முடியுமானால், மாவட்டத்தின் பெயர் எம்மாத்திரம்?

நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: அணியில் இடம் எப்படிக் கிடைத்தது? தேர்வுப் போட்டி நடந்திருக்க வேண்டும். அதில் தோற்றவர்களும் இருக்க வேண்டும். பணம் கட்டிய எல்லோருக்கும் இடம் என்றால் அது அணி கிடையாது, பயணிகள் பட்டியல். மாநிலச் சங்கத்துக்கு ஒரு போன் போட்டால் பாதி தெரிந்துவிடும். மீதியைப் போட்டி நடத்துகிற நாட்டுச் சங்கத்திடம் மின்னஞ்சலில் கேட்கலாம். ஆங்கிலம் வராவிட்டால் கொண்டு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

அப்படிப் போனவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

தெரியும். என்னிடம் ஆடியவன். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர், ஊர் வேண்டாம்.

நல்ல ரெய்டர். வலது காலை நீட்டி போனஸ் எடுத்தான் என்றால் எதிரணி திகைத்து நிற்கும். பத்தாண்டுக்கு முன்னால் ஓர் ஏஜெண்ட் ஐந்து லட்சம் கேட்டார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து மூன்று, வட்டிக்கு இரண்டு. பதினான்கு பேர் கொண்ட அணி. விமானத்தில் ஏறிய பிறகுதான், அதில் நான்கு பேருக்குத்தான் கபடி தெரியும் என்று இவனுக்குத் தெரிந்தது. ஒரு ஆட்டம் ஆடினார்கள். மறுநாள் இரவு ஒரு வேன் வந்தது.

முதலில் காய்கறி பேக்கிங் ஷெட், குளிரில் நின்றபடி பன்னிரண்டு மணி நேரம் முட்டைக்கோஸ் அடுக்குவது. பிறகு ஒரு ஹோட்டலின் பின்பக்கச் சமையலறை. பாஸ்போர்ட் ஏஜெண்டின் ஆளிடம் போய்விட்டது. பக்கத்தில் அதே பாத்திரத்தைக் கழுவுகிறவருக்குக் கிடைத்ததில் பாதிதான் இவன் கூலி. அதிலும் இரண்டு மாதம் தரவில்லை. கேட்டதற்கு முதலாளி சொன்னது ஒரே வரி: “போலீஸுக்குப் போன் பண்ணட்டுமா?”

அந்த வரியைத் தாண்டி இவனால் ஒன்றும் பேச முடியவில்லை. ஈரத் தரையில் வழுக்கி முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு மூன்றாம் நாளே வேலைக்குப் போனான். மூன்று வருடம் கழித்து, இந்தியத் தூதரகத்தில் எமர்ஜென்சி சர்டிபிகேட் வாங்கி ஊர் வந்து சேர்ந்தான். இப்போது செவ்வாய்ப்பேட்டையில் குட்டி யானை ஓட்டுகிறான். கால் முழுசாக மடங்குவதில்லை.

அவன் சொன்ன இன்னொரு விஷயத்தை இங்கே எழுதியே ஆக வேண்டும். அந்தச் சமையலறையில் முறையான காகிதங்களோடு வேலை பார்த்த ஒரு பெண் இருந்தாராம். கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்டார். முதலாளி இவனைக் கைகாட்டி, “அவன் கேட்கிறானா பார்” என்றாராம். அந்தப் பெண் அன்றோடு இவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். “அவங்க மேல தப்பில்லைங்க மாஸ்டர். நான் வாயத் திறந்திருந்தா அவங்களுக்கும் கெடச்சிருக்கும்” என்றான்.

அப்படியானால் சட்டவிரோதமாக வருகிறவர்களால் உள்ளூர்க்காரர் கூலி குறைகிறது என்று சொல்வது உண்மைதானே?

இதில் பொருளாதார அறிஞர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடக்கிறது. 1980இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் சில மாதங்களில் படகேறி அமெரிக்கா வந்தார்கள். மயாமி நகரத்தின் உழைப்பாளர் எண்ணிக்கை திடீரென்று 7 சதவீதம் கூடியது. டேவிட் கார்ட் என்ற அறிஞர் 1990இல் கணக்குப் பார்த்து, உள்ளூர் எளிய தொழிலாளர் கூலியில் பெரிய பாதிப்பு இல்லை என்றார். 2021இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஜார்ஜ் போர்ஹாஸ் அதே மயாமியைத் திரும்ப எடுத்து, பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் பிரித்துப் பார்த்து, அவர்கள் கூலி 10 முதல் 30 சதவீதம் விழுந்தது என்றார். அவர் எடுத்துக்கொண்ட ஆட்கள் மிகக் கொஞ்சம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். 2016இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமிகள் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அறிக்கை தந்தன. நீண்ட காலத்தில் மொத்தக் கூலியின்மேல் பாதிப்பு மிகக் குறைவு. அடி விழுகிற இடம், புதிதாக வருகிறவர்களுக்கு முன்னால் வந்த குடியேறிகளும் பள்ளிப் படிப்பு முடிக்காதவர்களும் என்றது அது.

அதாவது நம் பையன் ஒருவன் அப்படிப் போனால், வயிற்றில் அடிபடப்போவது அங்கே முன்னால் போய்க் கஷ்டப்படும் இன்னொரு ஏழை.

ஆளை வெளியேற்றினால் கூலி ஏறிவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். அமெரிக்காவில் மெக்சிகோ விவசாயக் கூலிகளை ஒப்பந்தத்தில் வரவழைத்த பிரசேரோ திட்டம் 1942இல் தொடங்கி 1964இல் நிறுத்தப்பட்டது. உள்ளூர் ஆளுக்கு நல்ல கூலி கிடைக்கும் என்றுதான் நிறுத்தினார்கள். பின்னால் கணக்கெடுத்துப் பார்த்தவர்கள், கூலி எதிர்பார்த்தபடி ஏறவில்லை என்று கண்டார்கள். கலிபோர்னியாவில் தக்காளி பறிக்க இயந்திரம் வந்துவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், கூலியைக் கெடுப்பது ஆளின் எண்ணிக்கை மட்டும் கிடையாது. ஒருவனால் “முடியாது” என்று சொல்ல முடியாத நிலை இருக்கிறதே, அதுதான் அதிகம் கெடுக்கிறது. பத்துப் பேரில் ஒருவன் வாய் கட்டப்பட்டிருந்தால் மற்ற ஒன்பது பேரின் பேச்சுக்கும் வலு குறைந்துவிடும்.

ஏற்காட்டுத் தோட்டங்களுக்கு வருகிற வடமாநிலத்துக்காரர்களும் இப்படித்தானே?

இல்லை. இந்தக் கேள்வி மலைமேல் டீக்கடையில் வாராவாரம் வருகிறது. ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவர்கள் இந்தியக் குடிமக்கள். நாட்டில் எங்கும் போக, தங்க, தொழில் செய்ய அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு அவர்களுக்கு உரிமை தருகிறது. வெளிநாட்டிலிருந்து காகிதமில்லாமல் நுழைகிறவர் விஷயம் வேறு. அதற்கு 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது அது. இரண்டையும் குழப்பி, இந்தி பேசுகிறவனையெல்லாம் சந்தேகமாகப் பார்ப்பது நமக்கு அழகில்லை.

ஆனால் கூலி விஷயத்தில் ஓர் ஒற்றுமை உண்டு. மார்கழி, தை மாதங்களில் காப்பிப் பழம் பறிக்க எங்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் (பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ்) காலங்காலமாகப் பறித்துவந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று கீழே சேலத்துக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போய்விடுகிறார்கள். போகட்டும், நல்ல கூலிக்குத்தானே போகிறார்கள். அந்த இடத்துக்கு வடக்கேயிருந்து ஆள் வருகிறது. மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்த குழு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும். தானாக வந்தவர்கள் கிலோவுக்கு இவ்வளவு என்று பேரம் பேசுவார்கள். இதை நான் என் தோட்டத்திலேயே பார்த்தேன். அதற்கப்புறம் மேஸ்திரி மூலம் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டு, கையில் நேராகக் காசு கொடுக்கிறேன்.

நம் முன்னோருக்கு இது தெரியாததா? சேலம் ஜில்லாவிலிருந்தும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி கூட்டிப்போனான். இலங்கைத் தோட்டங்களில் “துண்டு” என்று ஒரு சீட்டு இருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் அதில் எழுதியிருக்கும். கடன் தீர்ந்து துண்டு கைக்கு வராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். ஏஜெண்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிற ஏழு லட்சத்தை நான் துண்டு என்றே சொல்வேன்.

வேலைக்கு வைக்கிற முதலாளிக்குத் தண்டனை கிடையாதா?

சட்டத்தில் உண்டு. அமெரிக்கா 1986இலேயே, காகிதமில்லாத ஆளைத் தெரிந்தே வேலைக்கு வைப்பது குற்றம் என்று சட்டம் போட்டது. பிரிட்டனில் 2024இலிருந்து ஓர் ஆளுக்கு 60,000 பவுண்டு வரை அபராதம். நடைமுறையில் ஆள் பிடிபட்டு நாடு கடத்தப்படுவதுதான் முதலில் நடக்கிறது. 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சங்கம் சேர்க்க முயன்றதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி ஒருவர், காகிதம் இல்லாதவர் என்பதால் இழந்த கூலியைப் பெற முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. முதலாளி செய்தது சட்டமீறல் என்பதில் நீதிபதிகளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தத் தொழிலாளிக்குக் காசு வரவில்லை.

2004 பிப்ரவரி 5 இரவு, இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் கடல் ஏறுவது தெரியாமல் சிக்கிக்கொண்டார்கள். குறைந்தது 21 பேர் மூழ்கி இறந்தார்கள். கூட்டிவந்த கங்காணிக்கு 14 ஆண்டு சிறை. அதே ஆண்டில் கங்காணிகளுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. 2024 ஜூனில் இத்தாலியின் லத்தீனா பகுதியில் காகிதமில்லாத இந்தியத் தொழிலாளி ஒருவரின் கை பண்ணை இயந்திரத்தில் அறுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அவரை வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள், அவர் பிழைக்கவில்லை.

அங்கே போய்த் தஞ்சம் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்கிறாரே ஏஜெண்ட்?

1951 அகதிகள் உடன்படிக்கைப்படி இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். வறுமை அந்தப் பட்டியலில் இல்லை. கடன் இல்லை. வேலையின்மையும் இல்லை. அப்படி ஓர் ஆபத்து இருப்பதாகப் பொய் எழுதச் சொன்னால், அந்தப் பொய்யில் கையெழுத்துப் போடுவது உங்கள் பையன், ஏஜெண்ட் இல்லை.

உண்மையான ஆபத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். டோக்கியோவில் தன் பயிற்சியாளர்களைக் குறை சொன்னதற்காக விமான நிலையத்துக்கு இழுத்துப்போகப்பட்ட பெலாரஸ் ஓட்டக்காரி கிறிஸ்தினா சிமானோவ்ஸ்கயாவுக்குப் போலந்து இடம் கொடுத்தது. கேமரூனில் பிறந்த சிண்டி இங்கம்பா, பிரிட்டனில் காகிதமில்லாமல் தடுப்புக் காவலில்கூட இருந்தவர், 2024 பாரிஸில் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றார். 2016இல் தொடங்கிய அகதிகள் ஒலிம்பிக் அணிக்கு அதுதான் முதல் பதக்கம். பொய் விண்ணப்பங்கள் குவியக் குவிய, இவர்களைப் போன்றவர்களைத்தான் அதிகாரிகள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

கியூபா ஆட்டக்காரர்கள் ஓடிப்போய்க் கோடீஸ்வரர் ஆகவில்லையா?

சிலர் ஆனார்கள். பேஸ்பால் வீரர் யாசியல் பூயிக் 2012இல் கடத்தல்காரர்களின் படகில் மெக்சிகோ சேர்ந்தார். பேசிய பணம் வரும்வரை அவரை ஒரு விடுதியில் அடைத்து வைத்திருந்தார்கள். பிறகு ஏழு ஆண்டுக்கு 4.2 கோடி டாலர் ஒப்பந்தம். அவர் கையில் இருந்தது பேஸ்பால், அதற்கு அமெரிக்காவில் அவ்வளவு பெரிய சந்தை. கபடிக்கு ஐரோப்பாவில் என்ன சந்தை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். 2018 டிசம்பரில் கியூபா வீரர்கள் முறைப்படி வர ஒரு உடன்பாடு போட்டார்கள். நான்கே மாதத்தில் அமெரிக்க அரசு அதை ரத்து செய்தது. நேர்வழியை அடைத்தால் படகுக்காரனுக்குத்தான் வியாபாரம்.

பயணத்தில் பிள்ளைகள் ஓடாமலிருக்கப் பாஸ்போர்ட்டை மேலாளர் வாங்கி வைத்துக்கொள்வது சரியா?

நானும் அப்படிச் செய்திருக்கிறேன். தப்பு என்று இப்போது நினைக்கிறேன். 2022இல் பர்மிங்காமில் முதல் மூன்று பேர் காணாமல் போனதும் இலங்கை அதிகாரிகள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். அதன் பிறகும் ஏழு பேர் போனார்கள். ஓட முடிவெடுத்தவனை அது நிறுத்துவதில்லை. நிறுத்தாததோடு, பாஸ்போர்ட் அடுத்தவர் கையில் இருப்பது சாதாரணம் என்று பிள்ளைக்குப் பழக்கிவிடுகிறது. நாளைக்கு முதலாளி கேட்டாலும் கொடுத்துவிடுவான்.

என் மகன் ஏற்கெனவே போய்விட்டான். என்ன செய்வது?

முதலில் அவனைத் திட்டாதீர்கள். திட்டினால் போன் வராது.

பாஸ்போர்ட்டின் நகல் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட் பறிபோயிருந்தாலும் தூதரகத்தில் விவரம் சரிபார்த்து, ஊர் திரும்ப மட்டும் பயன்படும் எமர்ஜென்சி சர்டிபிகேட் தருவார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் “மதத்” (MADAD) என்ற இணையதளத்தில் நீங்கள் இங்கிருந்தே புகார் பதியலாம். தமிழ்நாட்டு அரசில் அயலகத் தமிழர் நலன், மறுவாழ்வுக்கு ஒரு துறையே இருக்கிறது. சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாலும் அங்கே போகும். வேலை பார்த்த இடம், நாட்கள், வர வேண்டிய கூலி எல்லாவற்றையும் போனிலேயே குறித்து வைக்கச் சொல்லுங்கள். பல நாடுகளில் காகிதம் இல்லாதவரும் வேலை செய்த கூலியைக் கேட்க வழி உண்டு.

திரும்பி வந்த பிறகு சில ஆண்டு அந்த நாட்டுக்குள் தடை இருக்கலாம். அமெரிக்காவில் 180 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கியிருந்தால் மூன்றாண்டு, ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்றால் பத்தாண்டு. 2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்களை அமெரிக்க ராணுவ விமானத்தில் விலங்கு பூட்டி அமிர்தசரஸில் இறக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அப்படி வருவதைவிடத் தானாக வருவது மேல்.

நேர்வழி என்று ஏதாவது இருக்கிறதா? சும்மா வேண்டாம் வேண்டாம் என்றால் எப்படி?

நியாயமான கோபம். கபடி ஆடுகிறவனுக்கு ரயில்வே, போலீஸ், ராணுவம் மூன்றிலும் வேலைக்கு வழி உண்டு. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதுதான் முக்கியம். பணம் கட்டி ஆடிய வெளிநாட்டுப் போட்டியின் சான்றிதழ் செல்லாது.

நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். காய்கறி விற்று வளர்த்த தாயின் மகன். எல்லோரும் அவரைக் காட்டி என்னிடம் பேசுகிறார்கள். ஆனால் அவரோடு மைதானத்துக்கு வந்த மற்ற பிள்ளைகளுக்கு என்ன வேலை கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. மாவட்ட அளவில் ஜெயித்து நிற்கிற பையனுக்கு மாதம் ஒரு தொகை, காயம்பட்டால் வைத்தியம் என்று அரசு உறுதியாகக் கொடுத்தால், இந்த நோட்டீஸ்களுக்கு வேலை இல்லாமல் போகும். இதை எழுதி மனுவும் கொடுத்திருக்கிறேன்.

வெளிநாட்டு வேலைதான் வேண்டும் என்றால், வேலை விசாவில் போகட்டும். பதிவு பெற்ற ஏஜெண்டா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உரிம எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்துகிறது. ஏழு லட்சத்தோடு 30,000ஐ வைத்துப் பாருங்கள்.

அந்த ஓமலூர் அம்மாவின் பையன் போனானா?

போகவில்லை. மாநிலச் சங்கத்தில் விசாரித்தோம். அப்படி ஒரு போட்டியைப் பற்றி அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த அம்மா முன்பணமாக 50,000 கொடுத்திருந்தார். நாலு தடவை அலைந்து இருபதாயிரம் வாங்கியிருக்கிறோம். மீதிக்குப் போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறது. பையனுக்கு என்மேல் இன்னும் வருத்தம்தான், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பயிற்சிக்கு மட்டும் வருகிறான்.

இதுபோன்ற நோட்டீஸ் உங்களிடமும் இருந்தால், சனிக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் மைதானத்தில் கபடித் தளத்துப் பக்கம் வாருங்கள். அழைப்புக் கடிதம், பணம் கட்டிய ரசீது, ஏஜெண்ட் அனுப்பிய வாட்ஸப் செய்தி எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வாருங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும் சேர்த்து.